ஆணி பூட்ஸ் முதல் ரப்பர் பூட்ஸ் வரை

மலையேறுபவர்களின் பூட்ஸ் என்றதும் இன்று எல்லோர் நினைவுக்கும் வருவது, அடியில் மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்தக் கனத்த ரப்பர்தான். ஆனால் அந்த ரப்பர் வந்து நூறு வருடங்கள்கூட ஆகவில்லை! அதற்கு முன்பு தோல் பூட்ஸின் அடியில் வரிசையாக இரும்பு ஆணிகளை அடித்துக்கொண்டுதான் ஆல்ப்ஸிலும் இமயமலையிலும் ஏறினார்கள். 1924இல் எவரெஸ்டில் காணாமல் போன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 75 வருடங்கள் கழித்து, 1999இல் கிடைத்தபோது, ஒரு காலில் ஆணி அடித்த பூட்ஸ் அப்படியே இருந்தது.

ஆணியைக் குறை சொல்லிவிட முடியாது. சேற்றிலும் புல்லிலும் இறுகிய பனியிலும் நன்றாகப் பிடிக்கும். தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்துக்கொள்ளலாம். ஆனால் கனம் அதிகம், வழவழப்பான பாறையில் வழுக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரும்பு குளிரைக் கடத்தும். வெளியே இருக்கும் குளிரை ஆணிகளே பாதத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

எனவே செங்குத்தான பாறை வந்ததும் பலர் ஆணி பூட்ஸைக் கழற்றிவிட்டு, அழுத்திய கம்பளியோ கயிறோ வைத்துத் தைத்த லேசான காலணிக்கு மாறினார்கள். பாறை காய்ந்திருக்கும் வரை அது அருமையான காலணி. பனிப்புயல் வந்தால்?

1935 செப்டம்பரில் இத்தாலிய ஆல்ப்ஸின் புந்தா ராசிகா சிகரத்தில் அதுதான் நடந்தது. வானிலை திடீரென மாறியதில் ஆறு பேர் இறந்துபோனார்கள். அந்தக் குளிருக்கு ஏற்ற காலணி அவர்களிடம் இல்லாததும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. இறந்தவர்கள், மிலான் நகரத்து மலையேறியான வித்தாலே பிரமானியின் நண்பர்கள். பாறையில் பிடிக்க வேண்டும், பனியிலும் பிடிக்க வேண்டும், குளிரையும் உள்ளே விடக் கூடாது. இப்படி ஒரே அடிப்பாகம் செய்ய முடியுமா என்று அவர் தேட ஆரம்பித்தார்.

விடை ரப்பரில் கிடைத்தது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப் போகும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இலேயே கண்டுபிடித்திருந்தார். டயர் செய்யும் பிரெல்லி நிறுவனத்தின் உதவியோடு பிரமானி 1937இல் தன் அடிப்பாகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பெயர் 'கர்ரார்மாத்தோ', இத்தாலிய மொழியில் பீரங்கி வண்டி என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து நிறுவனத்துக்கு 'விப்ரம்' என்று பெயர் வைத்தார். 1954இல் இத்தாலியக் குழு கே2 சிகரத்தை முதன்முதலாக எட்டியபோது அவர்கள் காலில் இருந்ததும் விப்ரம் அடிப்பாகம்தான்.

ஆனால் ரப்பரும் தேயும். ஆணியைப் போல மாற்ற முடியுமா? அது பூட்ஸ் தைக்கப்பட்ட விதத்தைப் பொறுத்தது. மேல் தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடிப்பாகத்தைத் தைப்பது ஒரு முறை. தையலைப் பிரித்துப் புது அடிப்பாகம் போட்டுவிடலாம். இதற்கு 'குட்இயர் வெல்ட்' என்று பெயர். ரப்பர் குட்இயரின் மகன் கொண்டுவந்த தையல் இயந்திரத்தால் வந்த பெயர் இது. (அப்பா ரப்பரைக் கொடுத்தார், மகன் தையலைக் கொடுத்தார்!) கடையில் பார்க்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. வெறும் பசையால் ஒட்டிவிட்டு, அழகுக்காக ஓரத்தில் தையல் போட்ட பூட்ஸும் உண்டு.

இன்றைய லேசான பூட்ஸ்கள் பலவற்றில் நடுவில் பாலியூரிதேன் என்ற மெத்தை இருக்கும். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த சென்னை போன்ற ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியிலேயே பல வருடம் வைத்திருந்த பூட்ஸ், முதல் நாள் நடையிலேயே பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான்.

தோலின் எதிரி வேறு. நனைந்த பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கி விரிசல் விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிட்டு, பிறகு கொழுப்போ மெழுகோ தடவினால் போதும். அடி ரப்பரைப் பட்டை வரை தேயவிடாமல் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பட்டையும் தேய்ந்துவிட்டால் புது அடிப்பாகத்தைத் தைக்கவே இடம் இருக்காது.