பச்சையப்பர் உயிலும் என் பீரோவும்
டிசம்பர் கடைசி வாரத்தில் பீரோவிலிருந்து என் உயிலை எடுத்து ஒருமுறை படித்துவிடுவேன். குமாஸ்தா வேலையில் வந்த பழக்கம். படிக்கும்போதெல்லாம் பச்சையப்ப முதலியார் ஞாபகம் வரும்.

எங்கள் சென்னையில் பெரும் செல்வராக வாழ்ந்தவர். 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அந்த மாதக் கடைசியிலேயே காலமானார். வயது 40. ஆண் வாரிசு இல்லை. கோயில் தருமங்களுக்கு எழுதிவைத்த பணம் வழக்குகளில் முடங்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் சுப்ரீம் கோர்ட் வழியாக மீண்டது. வட்டி சேர்ந்து, தருமங்களுக்குப் போக மிஞ்சியதில்தான் 1842-ல் பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுவே வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆனது.

உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே 48 வருஷம். ஊருக்கு நல்லதுதான் நடந்தது. நம் வீட்டுச் சொத்துக்கு எந்த நார்ட்டன் வரப்போகிறார்?

இந்த வருஷம் படித்தபோதுதான் உறைத்தது: உயிலை நிறைவேற்ற நான் பெயர் எழுதியிருந்த மைத்துனர் போன ஆடியில் போய்விட்டார். மகளை நியமித்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் புது உயில் எழுதிக் கையெழுத்திட்டேன். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்துப் படித்தும் காட்டினேன்.

நீங்களும் பொங்கலுக்குள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.