தாத்தாவின் ரிவால்வரும் மூன்று பித்தளை ஆணிகளும்

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கி ஆராய்ச்சியா என்று திட்டாதீர்கள். இதிலும் கொஞ்சம் காமர்ஸ் இருக்கிறது.

போன லீவில் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊருக்குப் போயிருந்தேன். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். அவன் தாத்தா சமீபத்தில்தான் காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள ஒரு பழைய ரிவால்வர் டீலரிடம் டெபாசிட்டில் இருக்கிறது. வாரிசு யாராவது லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். வீட்டில் இதை வைத்து ஒரு சின்ன பாகப்பிரிவினைச் சண்டையே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தாத்தா அதைத் துண்டில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவாராம். ஊருக்கே அது திருவிழா மாதிரி.

டீலர் எடுத்துக் காட்டினார். வெப்லி அண்ட் ஸ்காட், .32 ரிவால்வர், பர்மிங்காம் தயாரிப்பு. கையில் வாங்கினால் மூன்று விஷயங்கள் உதைத்தன. உடம்பு முழுக்கப் பளபளவென்று நிக்கல் முலாம். தோட்டாவை அடிக்கும் ஹேமரில் கட்டைவிரல் வைத்து இழுக்கும் கொம்பைக் காணோம், யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். மரப்பிடியில் வரிசையாக மூன்று பித்தளை ஆணிகள்.

முதலில் விலை. எங்கள் புத்தகப்படி எந்தச் சாமானுக்கும் தேய்மானம் உண்டு, வருடத்துக்கு வருடம் மதிப்பு குறையும். நம் நாட்டில் கைத்துப்பாக்கிக்கு மட்டும் நேர் எதிர்! 1962 ஆயுத விதிகள் .380, .455, 9 மி.மீ. போன்ற ராணுவ, போலீஸ் தோட்டா அளவுகளைத் தடை செய்யப்பட்ட பட்டியலில் வைத்துவிட்டன. அதனால் பொதுமக்கள் பக்கம் .32க்குத்தான் கிராக்கி. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. இருக்கிற பழசுதான் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ராவப்பட்ட பழசு என்றால் டீலர் உதட்டைப் பிதுக்குகிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நண்பனின் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது.

சரி, நல்ல சாமானை ஏன் கெடுத்தார்கள்?

முலாம் சுலபம். பழனி மலை மூடுபனியில் எந்த இரும்பும் துருப்பிடிக்கும். தொழிற்சாலையிலேயே நிக்கல் பூசி விற்றதும் உண்டு. ஆனால் இதில் முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது. முலாம் போடும் முன் எவரோ நன்றாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார். நல்லவேளை, வரிசை எண் படிக்க முடிகிறது. அதை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கொம்புதான் சுவாரசியம். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் 1920களில் ரிவால்வர்களின் கொம்பை எடுத்து, குழலைக் குறைத்து, ட்ரிகர் வளையத்தின் முன்பக்கத்தையும் வெட்டிக் கொடுத்தார். பையிலிருந்து எடுக்கும்போது சட்டையில் மாட்டக்கூடாது, விரல் சட்டென்று போக வேண்டும் என்பது கணக்கு. பிரிட்டிஷ் ராணுவமே 1938ல் தன் என்ஃபீல்ட் ரிவால்வரில் கொம்பில்லாத ரகத்தைக் கொண்டுவந்தது. டாங்கிக்குள் இருப்பவர்களுக்குக் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்கிறதாம். விளைவு? கட்டைவிரலால் இழுத்துவிட்டு மெதுவாகக் குறி பார்க்க முடியாது, ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகரை முழு பலத்தோடு இழுக்க வேண்டும். குறி தப்புகிறது என்று சிப்பாய்கள் புலம்பினார்கள். அந்த என்ஃபீல்டைப் பார்த்து, யாரோ கத்துக்குட்டி வெட்டியது என்று இன்றும் ஏமாறுகிறவர்கள் உண்டு. இந்த வெப்லியில் அரத்தின் கோடுகளே தெரிகின்றன, எனவே இது நிஜமான கத்துக்குட்டி வேலை.

1845ல் அமெரிக்க மிஷனரிகள் இரண்டு பங்களா கட்டியதில் தொடங்கிய ஊர் கொடைக்கானல். பிறகு கலெக்டர்கள், ராணுவ அதிகாரிகள், தோட்டக்காரர்கள் என்று வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். நண்பனின் கொள்ளுத்தாத்தா இதை வாங்கியதே 1947க்குப் பிறகு ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு துரையிடம்தான். போரில் என்ஃபீல்ட் பிடித்துப் பழகிய கை, சொந்தத் துப்பாக்கியையும் அப்படியே ராவியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆணிகளுக்கு வருவோம். "மூணு சிறுத்தைடா, ஒண்ணுக்கு ஒரு ஆணி" என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். (.32 ரிவால்வரால் சிறுத்தையா!) எனக்கு பேட் மாஸ்டர்சன் கதை ஞாபகம் வந்தது. அமெரிக்க மேற்கில் பேர்போன சட்ட அதிகாரி. துப்பாக்கி கேட்டு நச்சரித்த ஒருவருக்காக, அடகுக்கடையில் ஒரு பழைய கோல்ட் வாங்கி, பிடியில் 22 வெட்டுகள் போட்டு விற்றார் என்பார்கள். வாங்கியவர் மூச்சடைத்துப் போய், இத்தனை பேரையா கொன்றீர்கள் என்று கேட்டாராம்.

ஹேமர் கொம்பை வெல்டிங் வைத்து ஒட்டினால் விலை ஏறுமே என்று சித்தப்பா இன்னொரு யோசனையும் சொன்னார். டீலர் தலையில் அடித்துக்கொண்டார். சூடு பட்டால் இரும்பின் பதம் போய்விடும். அதோடு லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியில் கை வைத்தால், ரிப்பேர் என்றாலும் சட்டச் சிக்கல்தான்.

ராத்திரி சாப்பிடும்போது பாட்டியிடம் ஆணி விஷயத்தைக் கேட்டோம். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"சிறுத்தையாவது புலியாவது. உங்க தாத்தா பாறையில போட்டு ஒடச்சாரு. காப்பிப் பழம் உரிக்கிற மெஷினுக்குக் கட்டை வேலை பாக்க வந்த ஆசாரி, கையில இருந்த ஆணிய அடிச்சு ஒட்ட வச்சாரு. கூலி கூட வாங்கல."