அவுட்லைனர் மென்பொருள் - ஒரு சிறு வரலாறு

கட்டுரை எழுதுமுன் தலைப்பு, அதன் கீழே உட்தலைப்பு, அதற்கும் கீழே குறிப்புகள் என்று பட்டியல் போடுவது எல்லோருக்கும் பழக்கம்தான். இதையே கணினியில் செய்ய உதவும் மென்பொருள்தான் அவுட்லைனர். ஒரு தலைப்பைச் சுருக்கினால் அதன் கீழுள்ளவை மறையும், விரித்தால் திரும்ப வரும். தலைப்பை இடம் மாற்றினால் உள்ளே இருப்பதும் கூடவே போகும்.

இதை முதலில் பலரும் பார்க்கச் செய்து காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், கையில் மவுஸுடன் ஒரு மளிகைப் பட்டியலை வகை பிரித்து, சுருக்கி, விரித்துக் காட்டினார். ஆனால் அது ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய கணினியில் ஓடியது. சாதாரண ஆளின் மேசைக்கு வர இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

1983-ல் டேவ் வைனரின் லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் ஆப்பிள் II கணினிக்கு 'திங்க்டேங்க்' வெளியிட்டது. அடுத்து ஐபிஎம் பிசிக்கும் மெக்கின்டோஷுக்கும் வந்தது. 1986-ல் அதே நிறுவனம் மெக்கின்டோஷுக்குக் கொண்டுவந்த 'மோர்', பட்டியலைப் புல்லட் சார்ட்டாகவும் மரப்படமாகவும் மாற்றித் தந்தது. பவர்பாயிண்ட் வந்ததே 1987-ல்தான்!

விண்டோஸில் 1993-ல் வந்த 'எக்கோ ப்ரோ' இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு வரிக்கும் தேதி, தொகை என்று பத்திகள் சேர்க்கலாம், நாட்காட்டியும் உள்ளேயே உண்டு.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் நிலைக்கவில்லை? வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பதில்தான்: பண்ட்லிங். வேர்டுக்குள்ளேயே அவுட்லைன் வசதி வந்துவிட்டது. 1997-ல் ஆஃபீஸுடன் அவுட்லுக்கும் சேர்ந்தே வந்தது. கூடவே கிடைப்பதை விட்டுவிட்டுத் தனியாகக் காசு கொடுப்பவர்கள் எத்தனை பேர்? அதே ஆண்டில் எக்கோ ப்ரோவின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. 1987-ல் லிவிங் வீடியோடெக்ஸ்ட் சிமான்டெக்குடன் இணைந்த பின், மோரும் 90-களில் கைவிடப்பட்டது. 2007-ல் வந்த மாக் ஓஎஸ் 10.5, பழைய மெக்கின்டோஷ் மென்பொருள்களை ஓட்டும் வசதியையே நீக்கியது.

நஷ்டம் நிறுவனங்களுக்கு மட்டுமல்ல. பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் திறக்க முடியாத கோப்புகளாகிப் போனவர்களுக்கும்தான்.

அடுத்து வந்த மாற்றங்களைப் பார்த்தால் இந்தப் பாடம் புரியும். 2000-ல் வைனரின் யூசர்லேண்ட் நிறுவனம் ஓபிஎம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தை வெளியிட்டது. ஒரு அவுட்லைனரில் எழுதியதை இன்னொன்றில் திறக்கலாம். 2003-ல் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் உருவாக்கிய 'ஆர்க் மோட்' இன்னும் எளிது. ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உட்தலைப்பு. கோப்பு வெறும் எழுத்துதான், நோட்பேடிலும் படிக்கலாம்.

2010-ல் 'ஒர்க்ஃப்ளோவி' வந்த பிறகு பட்டியல் பிரவுசருக்குள் போனது. எந்தக் கணினியிலும் அதே பட்டியல். ஆனால் அது இருப்பது அடுத்தவர் சர்வரில்! நல்ல வேளையாக ஓபிஎம்எல் கோப்பாக வெளியே எடுக்க வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, புதிய அவுட்லைனர் எதையாவது முயன்று பார்க்கும்போது, என்னென்ன வசதி இருக்கிறது என்பதோடு எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் போனாலும் குறிப்புகள் மிஞ்ச வேண்டும் அல்லவா?