ஆடை அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது பழமொழி. அந்த ஆடைப் பாதி, ஆளுக்குப் பொருந்தாமற்போனால் என்ன செய்வது? பருத்த உடல்வாகு உடையோர் பணியிடத்தில் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. இக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நம் புடவைக்கும் வேட்டிக்கும் அளவு எண் கிடையாது. தைத்த ஆடையையும் நெடுங்காலம் தையற்காரர் ஆளை அளந்தே தைத்தார். பருத்தவருக்குத் துணி சற்றுக் கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) ஏராளமான வீரர்களுக்கு விரைவாகச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய அளவுகளைத் தொகுத்தபோது, சில அளவுகள் சேர்ந்தாற்போல் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. ஆடவர் ஆயத்த ஆடைகளின் அளவுமுறைக்கு அதுவே அடித்தளமாயிற்று.

மகளிர் அளவுகளுக்கான பெரும் ஆய்வு 1939–1940இல்தான் நடந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் வீதம் அளந்து, முடிவுகளை 1941இல் வெளியிட்டது. ஆனால், வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தரவுகளைக் கொண்டு 1958இல் ஒரு தர அளவுமுறை வெளியானது. அதில் 8ஆம் எண்ணுக்கு மார்பளவு 31 அங்குலம், இடையளவு 23.5 அங்குலம். 1983இல் அத்தரமுறை கைவிடப்பட்டது. அதன்பின் ஆடை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி எண்ணிட்டன. இன்று அதே 8ஆம் எண் ஆடை பல அங்குலம் பெரியது.

நம்மைப் போன்றோரின் உடலமைப்பு அந்த அட்டவணைகளில் இடம்பெறவில்லை. இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம், 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை வகுத்ததே இந்த நூற்றாண்டில்தான்.

சிங்கப்பூர்க் கடைகளிலோ ஜப்பானிய, ஐரோப்பிய, அமெரிக்க ஆடைகள் அருகருகே தொங்குகின்றன. ஒரே உடல் ஒரு கடையில் ‘எம்’. அடுத்த கடையில் ‘எக்ஸ்எல்’. உடல் மாறவில்லை, அட்டவணைதான் மாறியது.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் அனைவருக்கும் ஒரே நிறச் சட்டை வழங்கினார்கள். ‘எக்ஸ்எல்’லுக்கு மேல் இல்லை. பருத்த உடல்வாகு கொண்ட எனக்கு அது பொருந்தவில்லை. தேக்கா நிலையத்தின் மாடியில் ஒரு தையற்கடைக்கு எடுத்துச் சென்றேன். தையற்காரர் பக்கத் தையலைப் பிரித்து, இருபுறமும் துணி சேர்த்துத் தைத்துத் தந்தார். உடலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்ட சிரிப்பொலியைவிட அந்த அமைதி எனக்கு ஆறுதலாக இருந்தது.

நம் நாட்டின் மிகப் புகழ்பெற்ற பணிச்சீருடை எது? 1968இல் பியர் பால்மேன் வடிவமைத்த, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் சாரோங் கெபாயா. அது அணிபவரின் உடலை அளந்து தைக்கப்படுவது. அங்கே அளந்து தைக்க முடியுமென்றால், மற்ற பணியிடங்களில் இரண்டு அளவுகளைக் கூடுதலாக வரவழைப்பது இயலாத செயலா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் நடந்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தை நினைவுகூருங்கள். நோக்கம் உடல்நலமே. ஆனால், அதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் வரும். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று அலுவலகங்களில் சீருடைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அளவை எழுதும் கட்டத்தில் அவர்கள் கை தயங்கினால் வியப்பில்லை.

எனவே, படிவம் தயாரிப்போர் எழுத்துகளுக்குப் பதிலாக மார்பு, இடை, தோள் அளவுகளைச் சென்டிமீட்டரில் கேட்கட்டும். அதனைப் பிறர் பார்க்காதவாறு பெறட்டும். அணிவோர் தம் அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, தயங்காமல் மாற்றளவு கேட்கட்டும். பிள்ளைகளிடம், “இந்தச் சட்டை உனக்குப் பொருந்தவில்லை” என்று சொல்லுங்கள். “நீ இந்தச் சட்டைக்குப் பொருந்தவில்லை” என்று சொல்லாதீர்கள். சொற்களின் வரிசை சிறிது மாறினால் பிழை யாருடையது என்பதும் மாறிவிடுகிறது.