கித்தாரின் குரலைத் தீர்மானிப்பது எது?

கைவினைஞரிடம் சொல்லித் தமக்கென்று ஒரு மின்கித்தாரைச் செய்துகொள்ள விரும்பும் இளையர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை அதிகம் குழப்பும் கேள்வி, எந்தப் பிக்கப்பைப் பொருத்துவது என்பதுதான். மெல்லிசை, ஜாஸ், ராக் மூன்றுமே ஒரே கித்தாரில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். ஆசையில் தவறில்லை. ஆனால் பிக்கப்பின் அளவுக்கு மரத்தில் பள்ளம் வெட்டிய பிறகு மனம் மாறினால், வெட்டிய மரம் திரும்பி வராது. ஆகவே உளியை எடுப்பதற்கு முன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

பிக்கப் என்பது என்ன? காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும்தான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கினால் இசை. 1931இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் ஹவாய் கித்தாருக்காக இதைச் செய்து காட்டினார். அன்றைய கவலை ஒன்றே ஒன்று: பெரிய வாத்தியக் குழுவில் கித்தாரின் சத்தம் காதில் விழ வேண்டும்.

சத்தம் கிடைத்த பிறகு, விதவிதமான குரல் வேண்டும் என்ற ஆசை வந்தது. 1954இல் ஃபென்டர் நிறுவனம் மூன்று பிக்கப்புகளுடன் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்தான் அதில் இருந்தது. வாசிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? சுவிட்சை இரண்டு நிலைகளுக்கும் நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளை ஒன்றாக ஒலிக்க வைத்தார்கள். 1977இல்தான் நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறையும் உண்டு. மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துவிடும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு வழி கண்டு 1955இல் காப்புரிமை கேட்டார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் காந்தத் துருவங்கள். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது. இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. இதுவே ஹம்பக்கர். ஒலி தடித்தது, ஆனால் ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற கூர்மை குறைந்தது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1963இல் லண்டனில் பிரையன் மே என்ற 16 வயதுப் பையன், தன் தந்தை ஹரல்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கித்தார் செய்யத் தொடங்கினான். கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். அதிர்வுக் கருவிக்கு மோட்டார்சைக்கிளின் சுருள்வில். பிக்கப்புகளையும் அவர்களே செய்தார்கள். ஆனால் தந்தியை வளைத்து இழுக்கும்போது வேண்டாத ஓசை ஒன்று எழுந்தது. ஆகவே பர்ன்ஸ் நிறுவனத்தின் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார்கள்.

அதன் சிறப்பு இணைப்பில் இருந்தது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள். ஒன்று இயக்கவும் நிறுத்தவும். மற்றொன்று ஒலியலையைத் தலைகீழாக்கவும். இரண்டு பிக்கப்புகள் எதிரெதிராக ஒலிக்கும்போது பொதுவான அடித்தொனி கழிந்து, மெல்லிய மூக்கொலி மிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக 3, இரண்டிரண்டாக 6, மூன்றும் சேர்ந்து 4. மொத்தம் 13 குரல்கள்! ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் மூன்றே பிக்கப்புகள்தாம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த வீட்டுக் கித்தாரைக் கொண்டுதான் பின்னாளில் குவீன் குழுவின் இசைத்தட்டுகளில் அவர் வாசித்தார்.

அப்படியானால் குரல்கள் அதிகமாக இருப்பதே நல்லதா என்று நீங்கள் கேட்கலாம். 1978இல் வேன் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. எட்டி வேன் ஹேலன் தாமே கோத்த கித்தாரில், பாலத்தருகே ஒரே ஒரு ஹம்பக்கரைப் பொருத்தி வாசித்து உலகை வியக்க வைத்தார். தமக்கு எந்த ஒலி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் 13, ஒருவர் 1. இருவருமே தேவையைத் தெரிந்துகொண்டு செய்தவர்கள்.

இன்று இரண்டு சுருள்களில் ஒன்றை நிறுத்திவைக்கும் வசதியுடன் ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. பாலத்தருகே அப்படி ஒன்று, நடுவிலும் கழுத்தருகிலும் ஒற்றைச் சுருள்கள் என்ற அமைப்பு பலவகைப் பாடல்களுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு சுருளை நிறுத்தினால் ஒலியின் பலம் குறையும், இரைச்சலும் திரும்பி வரும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஆகவே இளையர்களே, கடைக்காரரின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் வாசிக்கப்போகும் பத்துப் பாடல்களை எழுதுங்கள். எந்தப் பாடலுக்குத் தடித்த ஒலி, எதற்குக் கூர்மையான ஒலி என்று குறித்துக்கொண்டு கைவினைஞரிடம் போங்கள். எத்தனை பிக்கப் என்பதையும், அவற்றை எப்படி இணைப்பது என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும்.