கெமாஸ் சந்திப்பும் தோட்டத்துத் தமிழரின் சந்தையும்: ஒரு சரித்திர நோக்கு

தமிழகத்துச் சந்தைகளிற் பல கோயிலையோ, துறையையோ, பெருவழியையோ அண்டி எழுந்தவை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில எல்லையில் ஜொகூரை ஒட்டிக் கிடக்கும் கெமாஸ் கடைத்தெருவுக்கு அத்தகைய பூர்வீகம் இல்லை. இரண்டு இரும்புப் பாதைகள் அங்கே கூடின. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் மாதந்தோறும் சம்பளம் பட்டுவாடாவாயிற்று. இவ்விரண்டாலும் வளர்ந்ததே அதன் வர்த்தகம். ஆகவே இவ்வட்டாரச் சந்தையில் இன்று காணும் கைப்பொருளையும் தின்பண்டத்தையும் தாயகத்திலிருந்து வந்த பழமை என்று மட்டும் கொள்வது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தோட்டக் கடையும் பற்றும்

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பற்செலவை முதலாளிமாரிடம் வசூலித்த வரியிலிருந்தே கொடுக்கும் வழக்கம் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒழிந்தது. சட்டப்படி தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினானாயினும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகிலிருந்த கடை அவனை வேறொரு கடனிற் சேர்த்தது. அரிசி, பருப்பு, மிளகாய், புளி, கருவாடு எல்லாம் பற்றாகவே வாங்கப்பட்டு, சம்பள நாளன்று கணக்குத் தீர்ந்தபின் எஞ்சியது சொற்பம். பிற்காலத்தில் அட்டையில் ‘555’ என்று அச்சிட்ட சிறு புத்தகமே இக்கணக்கின் அடையாளமாயிற்று. கடைக்காரர் எழுதியதை எழுத்தறியாத பால்மரத் தொழிலாளி சரிபார்க்க வழியில்லை. இத்தகைய கடை விலைக்கு மாற்று விலை ஒன்று உண்டென்பதைத் தொழிலாளிக்குக் காட்டியது பட்டணத்துச் சந்தை.

இரும்புப் பாதை கொணர்ந்தவை

1909இல் ஜொகூர் இரயில்பாதை முற்றுப்பெற்று, கெமாஸ் வழியாகத் தென்கோடிவரை போக்குவரத்து ஏற்பட்டது. அங்கிருந்து பிரியும் கிழக்குக் கரைப் பாதை 1910இல் பஹாவை எட்டி, 1931இல் கிளந்தானின் தும்பாட் வரை நிறைவெய்தியது. இப்பாதைகளை இட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். நிலையங்களிலும் காரியாலயங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் உத்தியோகம் பார்த்தனர். ஆகவே இத்தகைய சந்திப்பு ஊரில் மாதச் சம்பளம் வாங்கும் வாடிக்கைக்காரர் தோட்டத்தில் மட்டுமன்றி இரயில்வே குடியிருப்பிலும் இருந்தனர். துறைமுகங்களில் இறங்கிய பர்மா அரிசியும் இந்திய மளிகையும், காட்டோரத்துப் பெத்தாய்க் காயும் ரோத்தான் பிரம்பும் ஒரே பாதையில் வந்து சேரும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று.

யுத்தமும் அவசரகாலமும்

1942 ஜனவரி 14ஆம் நாள், கெமாஸுக்கு மேற்கே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கித் தாக்கினர். தொடர்ந்த ஜப்பானிய ஆதிக்க காலத்தில் கிழக்குக் கரைத் தண்டவாளங்களிற் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குச் சென்றது. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவரும் அப்பாதையை இடும் வேலைக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கு அன்றாட ஆகாரமாயிற்று. 1948இல் பிறந்த அவசரகாலத்திலோ உணவே போர்க்கருவியாயிற்று: கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில், டின்னிலடைத்த உணவைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது; கானகத்துக் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்விடும் என்னும் அச்சத்தால், பால்மரம் வெட்டப் போகிறவர் சோற்றுப்பொட்டலம் கொண்டுசெல்லவும் தடை இருந்தது.

தோட்டம் கலைந்தபின்

1950களில் ஐரோப்பியரின் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்படலாயின. அதை எதிர்கொள்ளவே அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பற்றிக்கொள்ள, லயங்களை விட்டுப் பட்டணத்தோரம் குடியேறிய குடும்பங்களுக்குப் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை துணை வருமானத்துக்கு ஒரு வழியாயிற்று. தென்னை ஈர்க்கால் விளக்குமாறு கட்டிய கைகள் செம்பனை மட்டையைக் கிழித்து ஈர்க்கு எடுக்கப் பழகின. இடியாப்பம் ‘புத்து மாயம்’ என்னும் பெயரில், தேங்காய்த் துருவலும் பனைவெல்லமும் சேர்ந்து மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் உரிய பலகாரமாயிற்று. அதன் பக்கத்திலேயே மூங்கிலிற் சுட்ட லெமாங் என்னும் பசையரிசிச் சோறும், தகர டின்னில் நிரப்பிய முறுக்கும் விலைக்கு இருக்கும்.

முடிபு

கைப்பொருளின் செய்திறன் தாயகத்திலிருந்து வந்ததாயினும், அதற்குரிய மூலப்பொருளையும், வாங்குவோரையும், விலையையும் நிர்ணயித்தவை தோட்டப் பொருளாதாரமும் இரயிலுமே. எனவே ‘பாரம்பரியம்’ என்று முத்திரையிட்டு இவற்றைக் காட்சிக்கு வைப்பதோடு அமைதல் ஆராய்ச்சியாகாது. பழைய மளிகைக்கடைகளின் பற்றுப் புத்தகங்கள் கறையானுக்கு இரையாவதற்கு முன், ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அவற்றைத் தேடிச் சேர்த்து, முதிய வியாபாரிகளின் வாய்மொழியையும் பதிவுசெய்தல் வேண்டும்.