தோட்டாவைப் பிளந்த குதிரை லாயம்

சுட்டபின் வெளியே விழும் பித்தளை உறையைத் தூக்கி எறியாமல், மறுபடியும் மருந்தும் குண்டும் அடைத்துப் பயன்படுத்துபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அடைப்பதற்கு முன் உறையைச் சுத்தம் செய்ய வேண்டும். வால்நட் ஓட்டுத் தூளோடு டிரம்மில் போட்டுச் சுழற்றுவார்கள், அல்லது சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் அலசுவார்கள். நாம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே கதைதான் :-) ஆனால் ஒரு விஷயத்தில் விவரம் தெரிந்தவர்கள் கறாராக இருப்பார்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் அதில் படவே கூடாது. இந்தப் பயத்தின் வேர் இந்தியக் குதிரை லாயங்களில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைக்கு ஒரு தீராத தலைவலி. மழைக்காலத்தில் லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களை வெளியே எடுத்தால், உறைகளில் விரிசல்! யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கும், சரக்குதான் உபயோகமில்லை. (வணிகவியல் மாணவனுக்கு இது உடனே கண்ணில் படும்.) சுடும்போது உறை விரிந்து அறையை அடைத்துக்கொள்வதால்தான் வாயு பின்பக்கம் வருவதில்லை. உறையில் விரிசல் இருந்தால் அந்த வாயு சுடுபவன் முகத்துக்கே திரும்பலாம்.

இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். மழைப் பருவத்தில் வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். உலரும் மரத்தில் விழும் வெடிப்பு போல இருந்ததால் என்றும் சொல்வதுண்டு. பெயர் வந்துவிட்டது, காரணம் வரவில்லை. 1921ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதைத் தெளிவாக விளக்கினார்கள்.

தோட்டா உறை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கொண்ட பித்தளை. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக நீள இழுத்து உருவாக்குகிறார்கள். அப்படி இழுத்ததன் இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். குதிரைச் சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்தால் அம்மோனியா. மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரத்தில் கரைந்த அம்மோனியா செம்பை அரிக்கிறது, உள்ளே காத்திருக்கும் இறுக்கம் அந்த அரிப்பைப் பிடித்து இழுத்துப் பிளக்கிறது. இறுக்கம், ஈரம், அம்மோனியா மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்தப் பிளவு வராது.

லாயத்தை விட்டு உலர்ந்த இடத்துக்கு மாற்றுவது எளிய வழி. உண்மையான தீர்வு தொழிற்சாலையில் இருந்தது. உறையை அளவாகச் சூடாக்கினால் பித்தளையின் வலு பெரிதாகக் குறையாமல் இறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும். இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க பாதரச நைட்ரேட் கரைசலில் நனைப்பார்கள். இருந்தால் உறை அங்கேயே வெடித்துக் காட்டிவிடும்.

இன்றும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது சூடு காட்டிய தடம். கடையில் விற்கும் தோட்டாக்களில் பெரும்பாலும் அதை மெருகேற்றி அழித்துவிடுவார்கள், ராணுவத்துக்குப் போகும் உறைகளில் அப்படியே விட்டுவைப்பார்கள்.